லேபிள் ஒட்டிய வீடு

அம்மா குவைத்துக்குப் போன பிறகுதான் எங்கள் வீட்டில் இவ்வளவு சாமான்கள் இருக்கின்றன என்பதே எனக்குத் தெரிந்தது. அதுவரை அவை என் கண்ணில் பட்டதில்லை. சாக்ஸ் என்று கத்தினால் சாக்ஸ் வரும், காம்பஸ் என்று கத்தினால் காம்பஸ் வரும். எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்டார்கள்? அவள் விமானம் ஏறிய மறுநாள் காலையில் அப்பாவும் நானும் ஆளுக்கொரு மூலையாகத் தீப்பெட்டியைத் தேடினோம். கடைசியில் அது அரிசி டின்னுக்குப் பின்னால், ஒரு துணிப்பைக்குள் இருந்த இன்னொரு பைக்குள் கிடைத்தது. ஈரம் படக்கூடாது என்று அம்மா அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பாள். அந்த வீட்டில் ஒவ்வொரு சாமானும் ஒரு காரணத்தோடுதான் அதனதன் இடத்தில் இருந்தது. காரணங்கள் எல்லாம் அவள் தலைக்குள் இருந்தன. தலை குவைத்துக்குப் போய்விட்டது.

லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டின் மேல், ஷீட் கூரை போட்ட ஒற்றை அறை எங்களுடையது. அறைக்குள்ளேயே இடுப்புயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கடப்பா கல் மேடை, அதுதான் சமையலறை. பாத்ரூம் மொட்டை மாடியின் கோடியில். கீழே வீட்டுக்காரம்மா இருந்தார். நான் ஓனர் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். கன்னடத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் பேசுவார். நாங்கள் குடிவந்த அன்று அவர் போட்ட முதல் சட்டம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மேலே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், "ஏனு அது?" என்று கேட்டுக்கொண்டே படியேறி வந்துவிடுவார். அவருக்குப் பயந்து அம்மா தேங்காயைக்கூட பாத்ரூம் படியில் போய்த்தான் உடைப்பாள். ஆணியும் இல்லை, அலமாரியும் இல்லை என்றால் சாமான்கள் பைகளில்தான் வாழ்ந்தாக வேண்டும். பைகள் கட்டைப்பைகளுக்குள் இருந்தன. கட்டைப்பைகள் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

அப்பாவுக்கு மார்க்கெட்டில் காய்கறி லாரிகளுக்கு லோடு இறக்குகிற வேலை. நான் வீட்டுப்பாடம் எழுதி முடிக்கும்போது கிளம்புவார், நான் பல் தேய்க்கும்போது வருவார். இடைப்பட்ட இரவு முழுக்க வீடு என்னுடையது. படுக்கப் போகுமுன் ஓனர் ஆன்ட்டி படிக்கட்டின் கீழிருந்து, "டேய், தாப்பா போட்டியா?" என்று கேட்பார். நான் "போட்டேன் ஆன்ட்டி" என்பேன். அவ்வளவுதான் அன்றைய ராத்திரிப் பேச்சு. அம்மா போவதற்கு முன் வாங்கிக் கொடுத்த பெரிய போனை என்னிடம் விட்டுவிட்டு, அப்பா பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு போவார். அம்மாவின் குரல் அந்தப் பெரிய போனில்தான் வரும். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். அப்பாவுக்கும் தெரியாது. பஸ் நம்பர் தெரியும், லாரி நம்பர் தெரியும், அதற்கு மேல் இல்லை. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அம்மா அங்கே ஒரு வீட்டில் வீட்டுவேலை செய்தாள். அந்த வீட்டைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"இங்க துணிக்குன்னே ஒரு ரூமு கீது கண்ணா. நம்ம வீட்ட விடப் பெருசு. ஜட்டிக்குக்கூடத் தனியா டிராயர். டி-ஷர்ட்ட படுக்க வெக்கிறதில்ல, நிக்க வெக்கிறாங்க. உங்கள பிரேயர்ல நிக்க வெப்பாங்கல்ல, அந்த மாதிரி வரிசையா. ஒண்ண உருவுனா இன்னொண்ணு கலையாது. எனக்கு முதல் ரெண்டு வாரம் வரவே இல்ல. மேடம் பிரிச்சுப் போட்டுட்டு மறுபடி மடின்னுட்டாங்க." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

முழுப் பரீட்சை முடிந்த வாரத்தில் ஒரு காலை, நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஷூ பாலிஷைத் தேடப் போனேன். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு ஒவ்வொரு பையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். பாலிஷ் கிடைத்தபோது பால் இல்லை. பாத்திரம் கரியாகி, அறை முழுக்கப் புகை. அந்த நேரத்தில்தான் அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, பாத்திரத்தைத் தண்ணீரில் முக்கினார். பிறகு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். புகை வாசனைக்கு ஓனர் ஆன்ட்டி மேலே வந்தார்.

"நானு சொன்னா கேக்க மாட்ற. பையன் ஒத்தையா கீறான், நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? ஹாஸ்டல்ல போடு. நீ மார்க்கெட்ல அந்த லோடு பசங்க ரூம்லயே இருந்துக்க. வீடு எதுக்கு?"

"அதாம்மா. லீவு முடியட்டும்னு கீறேன்" என்றார் அப்பா.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீடு எதுக்கு என்றால் என்ன அர்த்தம்? அம்மா திரும்பி வந்தால் எங்கே வருவாள்? பஸ் ஸ்டாண்டுக்கா? அப்பா உள்ளே வந்ததும் சொல்லிவிட்டேன்.

"ஹாஸ்டல் வேணாம்பா. வீட்ட இனிமே நான் பாத்துக்கிறேன்."

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இறைந்து கிடந்த பைகளைப் பார்த்தார், கரிப்பாத்திரத்தைப் பார்த்தார்.

"இதயா?"

"ஆமா. லீவு முடியறதுக்குள்ள பாரு."

"பாக்கலாம்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்றைக்கு நினைத்தால் என் கணக்கு எவ்வளவு நேராக இருந்தது என்று வியப்பாக இருக்கிறது. பால் பொங்கியதற்குக் காரணம் பாலிஷ் கிடைக்காதது. பாலிஷ் கிடைக்காததற்குக் காரணம் பைகள். பைகள் ஒழிந்தால் ஹாஸ்டலும் ஒழியும். எங்கள் வீட்டை அந்தக் குவைத் வீடு மாதிரி ஆக்கிவிட்டால், அனுப்புவதற்கு அப்பாவிடம் காரணமே இருக்காது.

அந்தக் கோடை லீவில் தெருவில் ஒரு பையனும் இல்லை. ஆம்பூருக்கும் தர்மபுரிக்கும் கோலாருக்கும் எல்லோரும் போயிருந்தார்கள். கிரிக்கெட் ஆடுகிற காலி மனையில் ஒரு மாடு மட்டும் நின்றிருக்கும். எனக்கு அது வசதியாகிவிட்டது. காலையில் அப்பா தூங்க ஆரம்பித்ததும் முனைக் கடைக்குப் போய் அட்டைப்பெட்டி கேட்பேன். பிஸ்கட் பெட்டி, நூடுல்ஸ் பெட்டி, சோப்புப் பெட்டி. சோப்புப் பெட்டிக்கு நல்ல கிராக்கி, அதில் துணி வைத்தால் வாசனையாக இருக்கும் என்பதால் கடைக்காரரின் மனைவியே எடுத்துக்கொள்வார். நான் கெஞ்சி இரண்டு வாங்கினேன்.

பெட்டியின் மேல்மூடிகளை வெட்டி உள்பக்கமாக மடித்து ஒட்டினால் ஓரம் கெட்டியாகிவிடும். இதை நானே கண்டுபிடித்தேன். வெளியே பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரிய ஒட்டினேன். பசைக்கு மைதா காய்ச்சினேன். முதல் நாள் பசை கட்டிதட்டியது, இரண்டாம் நாள் எறும்புகள் வந்தன. பசையில் கொஞ்சம் உப்பு போட்டுப் பார்த்தேன். எறும்புகளுக்கு உப்பும் பிடித்திருந்தது. அம்மாவிடம் மெசேஜில் கேட்டேன். "மஞ்சத்தூள் போடுடா" என்றாள். போட்டேன். எறும்பு போனது, வெள்ளைப் பெட்டிகள் எல்லாம் ஓரத்தில் மஞ்சளாகிப் பார்க்க ஒரு மாதிரி அழகாகவே இருந்தன.

அதிலிருந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டுத்தான் செய்தேன். அவள் பதிலின் கடைசியில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். அதற்கு நான் பதில் அனுப்ப வேண்டும். "சரி, இப்ப கரண்டியெல்லாம் எங்க வெச்ச?" என்பாள். "ஜன்னல் கம்பியில கயிறு கட்டித் தொங்க விட்டேம்மா" என்பேன். "காத்து அடிச்சா சத்தம் போடுமே, அப்பா தூங்குவாரே?" என்பாள். நான் போய் ஒவ்வொரு கரண்டிக்கும் காம்பில் துணி சுற்றிவிட்டு வந்து சொல்வேன். உடனே அடுத்த கேள்வி வரும். மேடைக்கு அடியில் சிலிண்டரும் வாளியும் கண்ணை உறுத்தின. அங்கே திரை போட வேண்டும், எந்தப் புடவையை வெட்டலாம் என்று கேட்டேன்.

"எத வேணா வெட்டிக்கடா. இங்க நான் யூனிபார்ம் கோட்டு மாட்டினுகீறேன், எனக்கெதுக்குப் புடவ?"

பச்சைப் புடவையை எடுத்தேன். வெட்டுவதற்கு முன் சும்மா ஒருமுறை முகத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு வெட்டினேன். ஆணி கூடாது என்பதால் சைக்கிள் டியூபைக் கீறி இழுத்து, மேடையின் இரண்டு கால்களுக்கும் நடுவில் கட்டி அதில் திரையைக் கோத்தேன்.

மிச்சமிருந்தது மசாலா சாமான்கள். அம்மா அவற்றை விதவிதமான டப்பாக்களில் வைத்திருந்தாள். நசுங்கிய அலுமினிய டப்பாவில் மிளகாய்த்தூள், பழைய பவுடர் டப்பாவில் சீரகம், மூடி இல்லாத பாட்டிலில் புளி. குவைத் வீட்டில் எல்லா ஜாடியும் ஒரே அளவு என்றும், மேலே எழுதி ஒட்டியிருக்கிறது என்றும் அவள் சொல்லியிருந்தாள். நான் பழைய பேப்பர் கடையில் ஒரே மாதிரி பிளாஸ்டிக் ஜாடிகளைப் பொறுக்கி எடுத்து வந்து, சோடா உப்புப் போட்டுக் கழுவி, எல்லாவற்றையும் மாற்றிக் கொட்டினேன். நோட்டுப் புத்தகத்துக்கு ஒட்டுகிற லேபிள்களில் ஸ்கெட்ச் பேனாவால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். SUGAR. SALT. DHAL. அடியில் ஒரு கோடு. ஜாடிகள் மேடையில் வரிசையாக நின்றபோது எனக்கே கைதட்டத் தோன்றியது.

மறுநாள் காலை அப்பா டீ போட்டார். ஒரு வாய் குடித்தார், என்னைப் பார்த்தார், மீதியையும் குடித்தார். என் டம்ளரை என்னிடம் தராமல் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, மறுபடி பாலை அடுப்பில் வைத்தார். "பால் திரிஞ்சு போச்சு" என்றார். பிறகு ஒரு ஜாடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, அதன் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றினார். அது சர்க்கரை ஜாடி. எதற்கு ரப்பர் பேண்ட் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். படிக்கத் தெரிந்த ஒருவனே இருக்கிற வீட்டில் நான் யாருக்காக எழுதி ஒட்டினேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ரப்பர் பேண்ட் லேபிளை மறைக்கிறதே என்றுதான் வருத்தப்பட்டேன்.

இந்தச் சமயத்தில் ஓனர் ஆன்ட்டி ஒரு காரியம் செய்தார். கீழ்வீட்டுக்கு அடித்து மிஞ்சிய டிஸ்டம்பரை, அரை வாளி, பிரஷ்ஷோடு அவரே தூக்கிக்கொண்டு மேலே வந்தார். பீச் கலர். "அடிச்சுக்கப்பா. நாலு பக்கமும் நல்லா அடி" என்றார். ஆணிக்கே அனுமதி தராதவர் வாளியோடு நின்றதைப் பார்த்து எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அப்பா முன்பே அவரிடம் காலி செய்கிறோம் என்று சொல்லியிருந்தார். அடுத்துக் குடிவருபவர்களுக்காக அந்தச் சுவருக்கு எப்படியும் ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. ஸ்டூல் மேல் நின்று கைக்கு எட்டும் வரை அடித்தேன். எட்டாத உயரத்துக்கு அப்பா தூக்கத்தைவிட்டு எழுந்து வந்து அடித்துக் கொடுத்தார். அன்று முழுக்க அவர் முடியில் பீச் கலர் இருந்தது. அப்படியே மார்க்கெட்டுக்குப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வீடியோ காலில் வந்தாள். அவளுடைய மேடமும் பிள்ளைகளும் வெளியே போயிருந்தார்கள். அவள் ஒரு வாஷிங் மெஷின் பக்கத்தில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தாள். மெத்தை ஏன் அங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் காட்டுவதற்கு நிறைய இருந்தது. சுவர், திரை, கரண்டிக் கயிறு, கட்டிலுக்கு அடியில் பெட்டிகள் என்று ஒவ்வொன்றாகப் போனைத் திருப்பினேன். பெட்டிக்குள் என் டி-ஷர்ட்டுகள் பிரேயரில் நின்றன.

"அய்யோ, எங்கடா கத்துக்கின! மேடம் வீடு மாதிரியே கீது" என்றாள்.

பிறகு ஜாடிகளுக்கு வந்தேன்.

"மேல இன்னாடா எழுதிக்கீற? படிச்சுக் காட்டு."

ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "உம்" போட்டாள்.

"மிளகாத்தூளு நசுங்கன டப்பால இருந்துச்சே, அது?"

"தூக்கிப் போட்டுட்டேம்மா."

"ஓ. சரிசரி. நல்லா கீது." கொஞ்ச நேரம் ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வந்து சமைச்சா எனக்கு யாருடா படிச்சுச் சொல்லுவா?"

"நான்தான். பக்கத்துலயே நின்னு சொல்றேன்."

அதற்கு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். படம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்து "அம்மா, அம்மா, கேக்குதா?" என்று கத்தினேன். ஆனால் அவளுக்குப் பின்னால் மெஷினுக்குள் துணி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "கேக்குதுடா" என்றாள். "மேடம் வந்துட்டாங்க, வெச்சிடறேன்."

அடுத்த வாரத்திலிருந்து ஓனர் ஆன்ட்டி ஆட்களைக் கூட்டி வர ஆரம்பித்தார். வாடகைக்கு வீடு தேடி வந்தவர்கள் அவர்கள். எனக்கு அது தெரியாது. அம்மா போன பிறகு ஓனர் ஆன்ட்டியைத் தவிர எங்கள் வீட்டுப் படியை யாரும் மிதித்ததில்லை. திடீரென்று மாலை வேளைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு மனிதர்கள் உள்ளே வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். முதலில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு அண்ணன்கள் வந்தார்கள். "செமயா வச்சிருக்க ப்ரோ" என்று என்னிடம் ஒருவர் கை கொடுத்தார். என்னை ப்ரோ என்று அதுவரை யாரும் அழைத்ததில்லை. ஓனர் ஆன்ட்டியோ நான் அவருக்கே பிறந்த பிள்ளை மாதிரி பேசினார்.

"நோடி, இங்க பாருங்க, ஒரு ஆணி அடிக்கல பையன். ஒண்ணே ஒண்ணு! எப்பிடிக் கட்டிக்கீறான் பாருங்க."

அவர்கள் போனதும் நான் வீட்டை இன்னொரு தடவை பெருக்கினேன். நாளைக்கு யார் வருவார்களோ என்று இருந்தது. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க எவர்சில்வர் டம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். சாயங்காலம் படிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து நிற்பேன். யாரும் வராத நாளில் டம்ளர்களை மறுபடி கவிழ்த்து வைப்பேன்.

கடைசியாக வந்தது, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு ஜோடி. அவர் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு கூரை ஷீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"மழ வந்தா ஒழுகுமா?"

"ஒழுகாதுண்ணா. அந்த மூலையில மட்டும் கொஞ்சம். அடியில ஒரு பக்கெட் வெச்சா போதும். பக்கெட்டுக்கும் எடம் கீது, இதோ பாருங்க" என்று திரையை விலக்கிக் காட்டினேன். ஓனர் ஆன்ட்டி பெரிதாக இருமினார்.

அந்த அக்கா குழாயைத் திறந்து பார்த்தாள், மேடையைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, உள்ளே பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"இதெல்லாம் நீயே செஞ்சியா? அம்மா எங்க?"

"குவைத்து."

என் தலையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கை எடுத்துப் போட்டாள். "இந்த ஜாடி, இந்தப் பொட்டியெல்லாம் எடுத்துக்கினு போயிடுவீங்களா, இல்ல வுட்டுட்டுப் போவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க எடுத்துக்கினு போறதுக்கா? இங்கதானே இருக்கும்."

அவள் தன் கணவனைப் பார்த்தாள். கணவன் ஓனர் ஆன்ட்டியைப் பார்த்தார். ஓனர் ஆன்ட்டி என்னிடம், "போப்பா, அக்காவுக்குத் தண்ணி கொண்டா" என்றார். நான் தேய்த்து வைத்த டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார். ஜூன் ஒண்ணாம் தேதிக்கு முன்னால் வீட்டைக் காலி செய்கிறோம். ஓசூர் தாண்டி ஒரு ஹாஸ்டல், சர்ச் பிரதர்கள் நடத்துகிறார்கள், இங்கிலீஷ் மீடியம், சோறு நன்றாகப் போடுவார்கள். அவர் மார்க்கெட் ரூமில் பசங்களோடு இருந்துகொள்வார்.

"எல்லாரும் நல்லாருக்குன்னுதானேப்பா சொன்னாங்க?" என்றேன்.

"ஆமாண்டா" என்றார் அப்பா. "அதனாலதான் சட்டுனு முடிஞ்சிது. டு-லெட் போர்டே மாட்டல பாரு. ஓனரம்மா உன்னப் பத்தி அவ்ளோ பெருமையா பேசிச்சு."

அவர் அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார். நான் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சோற்றில் ரசம் ஓடி ஓரத்தில் நின்றது. வீட்டைக் காப்பாற்ற நினைத்துத்தான் அவ்வளவும் செய்தேன். வீடு கைவிட்டுப் போனது அந்த வேலை நன்றாக இருந்ததால்தான் என்பதை என்னால் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் புரிந்துகொள்ள முடியவில்லை. ஓரத்தில் எறும்பு மொய்த்த பெட்டிகளோடு, கரிப்பாத்திரத்தோடு அப்படியே விட்டிருந்தால் இன்னும் சில மாதங்கள் அங்கேயே இருந்திருப்போமோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

காலி செய்த அன்று எடுத்துப்போக அதிகமில்லை. கட்டிலை ஓனர் ஆன்ட்டியே எடுத்துக்கொண்டார். பாத்திரங்களை ஒரு கோணியில் கட்டி அப்பா மார்க்கெட் ரூமுக்குக் கொண்டுபோனார். பெட்டிகளும் ஜாடிகளும் திரையும் அந்த அக்காவுக்காக விடப்பட்டன. அவள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச வருவாளாம். ஹாஸ்டலுக்காக வாங்கிய தகர டிரங்குப் பெட்டியில் அப்பா என் துணிகளை அடுக்கினார். டி-ஷர்ட்டை நெஞ்சில் வைத்து மூன்றாக மடித்து, பிறகு நீளவாக்கில் மடித்து, நிற்க வைக்கப் பார்த்தார். அது சாய்ந்தது. மறுபடி மடித்தார். அவர் தூங்குவதாக நான் நினைத்துக்கொண்டிருந்த காலைகளில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் போல. ஒன்றுகூட நிற்கவில்லை. நான் உதவிக்குப் போகவில்லை. ஜன்னலருகே நின்று, மாடு இல்லாத காலி மனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரும்பி வந்து பல வருடமாகிறது. நான் வேலைக்குப் போகிறேன், நாங்கள் மூவரும் வேறொரு ஏரியாவில், ஆணி அடிக்க அனுமதி உள்ள ஒரு வீட்டில் இருக்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிறு, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே அம்மா ஏதோ பேச்சில் சொன்னாள். அந்த லிங்கராஜபுரம் வீட்டை விட்டுவிடுவது என்று அவள் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிட்டதாம். பையன் பரீட்சை எழுதி முடிக்கும்வரை வீட்டை வைத்துக்கொள்வது, அதற்குப் பிறகு ஹாஸ்டல் என்று சொன்னதே அவள்தானாம்.

எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. "அப்ப எதுக்கும்மா அத்தனையும் சொல்லிக் குடுத்த? மஞ்சத்தூள் போடு, கரண்டிக்குத் துணி சுத்துன்னு?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எப்பிடிக் கீறன்னு கேட்டா 'நல்லாக்கீறேன்'னு ஒரே வார்த்தைல வெச்சிடுவ. பொட்டி எப்பிடி ஒட்டினன்னு கேட்டாத்தான் நாள் பூரா பேசுவ. ஒரு மெசேஜ் கேட்டு முடிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு வரும். துணி தொவைச்சுக்கினே கேட்டுக்கினு இருப்பேன்." பிறகு, "இந்தா, இத உள்ள வெய்யி" என்று மடித்த துணிகளை என் கையில் கொடுத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போதும் எல்லாம் அவள் தலைக்குள்தான் இருக்கிறது.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம் என்று நான் நம்பிய அந்தக் கோடையில், போகப்போகிற வீடு என்று தெரிந்தேதான் அவள் என்னோடு அதில் கூடவே குடியிருந்திருக்கிறாள்.

அந்த ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் போன் பேசலாம். வார்டன் பிரதரின் மேசை மேல் அது இருக்கும், வரிசையில் நிற்க வேண்டும். முதல் ஞாயிறு என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் வராந்தாவின் கடைசிவரை பையன்கள் நின்றிருந்தார்கள். அம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது. சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். எப்படி இருக்கிறாய் என்றாள். நல்லாயிருக்கேன் என்றேன். அவள் பின்னால் ஏதோ ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பொட்டில துணியெல்லாம் எப்பிடி அடுக்கி வெச்சுக்கீற, சொல்லு."

வீடே போய்விட்டது, இனி அடுக்கி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். இவளுக்கு எப்போதும் பெட்டியும் துணியும்தான் கவலை என்றும் நினைத்தேன்.

"சும்மா வெச்சுக்கீறேம்மா."

"நிக்க வெச்சியா, படுக்க வெச்சியா?"

"படுக்க."

"வேற?"

பின்னால் இருந்தவன் என் முதுகில் விரலால் குத்தினான். வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, போனை அவனிடம் கொடுத்தேன்.